வியாழக்கிழமை லேசர்

"அப்பா, எங்க ஆஸ்பத்திரிக்கு புராஸ்டேட் வீக்கத்துக்கு லேசர் வந்திருக்கு. ஒரு நாளு வந்து டாக்டரப் பாருங்களேன்."

"ஏட்டி, பெத்த அப்பங்கிட்ட பேசுத பேச்சா இது? சோத்தத் தின்னு."

போன வருடம் நடந்த அந்தப் பேச்சை கிளீட்டஸ் மறக்கவில்லை. மகள் ஷிபா அருமனைப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மூன்று சிறு மருத்துவமனைகள் சேர்ந்து வாங்கிய ஒரே மெஷின், வியாழன்தோறும் அங்கே வேனில் வந்து இறங்கும். அன்று காலை அவள் பையை எடுக்கும்போதெல்லாம், 'என்னையும் கூட்டிட்டுப் போ' என்று சொல்ல வாயெடுப்பார். "குடை எடுத்தியா?" என்றுதான் வரும்.

குளச்சலில் மீன் ஏலம் விடுபவர் அவர். அவர் குரல் கடைசிப் படகுவரை கேட்கும். ஆனால் ஏலம் முடியும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கமாட்டார். குடித்தால் பத்து நிமிடத்துக்கொருமுறை ஓடவேண்டும். ஓடினாலும் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். மாதா கோயிலிலும் வாசலோரக் கடைசி பெஞ்சுதான்.

ஒரு மாதமாகக் கடற்கரைப் பக்கம் வராதிருந்த படகுக்காரர் மரியஜான், அன்று ஏலக்கூடத்தில் அவர் முன்னால் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"ஏலே கிளீட்டஸு, பாத்தியா? இனி ஓட்டம் இல்ல!"

"நீ நெஞ்சுக்கு மாத்திரை தின்னுகவன், ரெத்தம் நிக்காதுன்னு டாக்டர்மாரு புராஸ்டேட் ஆபரேஷன் வேண்டாம்னாவளே?"

"அது பழைய மொறை. லேசருல ரெத்தம் கொறவு. மூணாம் நாளு வீட்டுக்கு வந்தாச்சு. கரண்டு போனா என்ன செய்யன்னு ஜெனரேட்டர முன்னாடியே ஓட்டிப் பாத்துட்டுதான் எனக்க பக்கத்துல வந்தா உனக்க மொவ. நான் வெக்கத்துல கண்ண மூடினேன். 'கண்ணத் தெறங்க மாமா, வயசானா வாறதுதானே'ன்னா. டாக்டரே அவளக் கேட்டுட்டுதாம்லே மெஷினத் தொடுகாரு!"

ஊரார் நோயெல்லாம் தாங்குகிற தன் மகளிடம், தன் நோயை மட்டும் அல்லவா கிளீட்டஸ் ஒளித்து வைத்திருக்கிறார்!

அடுத்த வியாழன் அவரே பஸ் ஏறினார். மருத்துவமனை வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். தியேட்டர் உடையில் வெளியே வந்த ஷிபா பதறினாள்.

"அப்பா! அம்மைக்கு என்ன?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்." ஏலக்குரல் வராந்தாவின் கோடிவரை போனது. "மூணு வருசமா ஒண்ணுக்குச் சரியாப் போவல. மறைச்சு வச்சேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. மறைச்சா கெடுகது நம்ம கிட்னிதான். இவ எனக்க மொவ!"

குனிந்த தலைகள் நிமிர்ந்தன. ஷிபாவின் கண்கள் நிறைந்தன. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டபோது அவர் குரல் தணிந்தது.

"என்னையும் கூட்டிட்டுப் போ மக்கா."