விவசாயியின் ஐந்து வாக்கியங்கள்

ஞாபகசக்தி வளரும் என்று சொல்லித்தான் கண்ணாடிக்கடைக்காரர் லத்தீன் வகுப்பில் சேர்ந்தார். "நல்லா வளருதுப்பா. போன வாரம் குடையை அங்கயே விட்டுட்டு வந்ததா சொன்னீங்களே," என்றாள் கட்டிக்கொடுத்த மகள், போனில். மனைவி இறந்தபின் அவர் வீட்டில் பேசுவது அந்தப் போனோடுதான். உண்மையான காரணம் வகுப்பில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மருந்துக்கடை அம்மாள். அவரும் தனி ஆள்தான்.

நூலக மாடியில் சாயங்கால வகுப்பு. ஆளுக்கு ஐந்து வாக்கியம் லத்தீனில் எழுதிவர வேண்டும். பக்கத்தில் இருப்பவர் எழுந்து நின்று அதைத் தமிழில் சொல்ல வேண்டும். வாராவாரம் இவருடைய தாள் அந்த அம்மாளிடம்தான் போகும். இதுவரை கற்றது என்னவோ விவசாயி, மாலுமி, ராணி, ஓநாய், மேஜை இந்த வகைதான். மூக்குக்கண்ணாடிக்கு வார்த்தை இல்லை, இருமல் மருந்துக்கும் இல்லை. நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லும் பாடமே இன்னும் வரவில்லை. இந்தக் கையிருப்பை வைத்துக்கொண்டு மனிதர் கல்யாணம் பேச வேண்டியிருந்தது.

அந்த அம்மாளை மருந்துக்கடையின் வெளியூர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். இன்றோடு அவருக்கு வகுப்பு முடிகிறது. வாய்விட்டுக் கேட்க இவருக்குத் தைரியம் ஏது? லென்ஸ் விலை சொல்வதற்கே தொண்டையைச் செருமுகிற ஆள். அதனால் விவசாயியைத் தூது அனுப்பினார்.

தாள்களை வாங்கிய ஆசிரியை, "இன்னிக்குப் பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கிடையாது. கலைச்சுக் கொடுக்கப் போறேன்," என்றார். கண்ணாடிக்கடைக்காரரின் தாள் லிஃப்ட் மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தது. அவர் பேசினால் எல்லா மாடிக்கும் கேட்கும்.

"விவசாயி தனியா சாப்பிடறான்," என்று மெக்கானிக் ஆரம்பித்தார். "விவசாயி வீடு பெருசு. ராணி தூரத்து ஊருக்குப் போறா. விவசாயி அழறான். விவசாயி ராணிக்கு வீட்டைக் கொடுக்கறான்."

"வீட்டையே கொடுக்கறானா? பைத்தியமா அவன்?" என்றார் பின்வரிசைத் தபால்காரர்.

மெக்கானிக் தாளைத் திருப்பிப் பார்த்தார். "ராணி என்ன சொன்னான்னு எழுதவே இல்லையே, டீச்சர்."

கண்ணாடிக்கடைக்காரர் தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதையும் மீறி, பதில் வேண்டியிருந்தது. பக்கத்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டபோது, அந்த அம்மாள் எழுந்து போகிறார் என்றே நினைத்தார்.

அம்மாளோ நேரே மெக்கானிக்கிடம் போனார். "அது எனக்கு வர வேண்டிய பேப்பர். கொஞ்சம் கொடுங்க." நின்றபடியே தாளின் அடியில் ஏதோ எழுதித் திருப்பிக் கொடுத்தார். "இதையும் சேர்த்துப் படிங்க."

மெக்கானிக் எழுத்துக்கூட்டினார். "ராணி... போகலை. ராணி... விவசாயி வீட்டுக்கு... மேஜையைத் தூக்கிட்டு வர்றா."

மெக்கானிக்குக்குத்தான் விஷயம் கடைசியாக உறைத்தது.

"பெரிய மேஜைங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருக்குப் போதும்," என்றார் மருந்துக்கடை அம்மாள்.