கிளவுஸ் மிஷினால் வந்த நன்மைகள்

என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்ட மனுஷனும், எனக்குக் கிளவுஸ் இல்லைன்னு சொல்ற மனுஷனும் ஒரே ஆளா அமைஞ்சது என் தலையெழுத்து. நாங்க ரெண்டு பேரும் வேலை பார்க்கறது இரும்பு அலமாரி செய்யற கம்பெனி. வெட்டின தகட்டோட ஓரத்தை அரம் வச்சுத் தேய்க்கறது என் வேலை. அவர் ஸ்டோர்கீப்பர். கம்பெனி முழுக்க அவருக்கு 'இல்லை சார்'னுதான் பேரு. என் முன்னாடியே அப்படித்தான் கூப்பிடுவாங்க. நானும் சேர்ந்து சிரிச்சு வைப்பேன், வேற என்ன பண்றது.

தகட்டு ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். ஒரு ஜோடி கிளவுஸ் பத்து நாள் தாங்கினா பெரிய விஷயம். புதுசு வேணும்னா ஒரு சீட்டுல பிரிவு, காரணம் எல்லாம் கைப்பட எழுதி, கிழிஞ்சதையும் சேர்த்து ஸ்டோர் ஜன்னல்ல நீட்டணும். அவர் அதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்ப்பார். எப்படிக் கிழிஞ்சுது, போன தடவை கொடுத்தது என்ன ஆச்சு, இதைப் போட்டுக்கிட்டு மலையா உடைக்கறேன்னு ஒரு பாட்டு நடக்கும். முதல்ல இல்லைம்பார். அப்புறம் பூர்வீகச் சொத்தை எழுதித் தர்ற மாதிரி முணுமுணுத்துக்கிட்டே கொடுப்பார்.

பதினோரு வருஷம் நானும் அந்த வரிசையில நின்னிருக்கேன். பொண்டாட்டியாச்சேன்னு ஒரு சலுகை? மூச். நாலு பேர் தப்பா நினைச்சுடுவாங்களாம், அதனால எனக்கு மட்டும் ரெண்டு கேள்வி கூடுதல். ஒருநாள் ஆள்காட்டி விரல் பக்கம் ஓட்டையானதைக் கொண்டுபோனேன். ஓட்டைக்குள்ள தன் விரலை விட்டு ஆட்டிக்கிட்டே, "ஒரு விரல்தானே போச்சு, மிச்சம் நாலும் நல்லாத்தானே இருக்கு?"ன்னார். வரிசையே சிரிச்சுது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி, "சாப்பாடு ரெடியா?"ன்னு கேக்கறார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அன்னிக்கே அடுப்படியில உக்காந்து ஒரு லெட்டர் எழுதினேன். பக்கத்துக் கம்பெனியில ஒரு மிஷின் இருக்குன்னும், கார்டைக் காட்டி நம்பரை அமுக்கினா கிளவுஸ், கண்ணாடி, காதடைப்பான் எல்லாம் தானா விழும்னும் கேள்விப்பட்டிருந்தேன். அதோட நன்மைகளை எல்லாம் அடுக்கினேன். வரிசை கிடையாது, எந்த ஷிப்டுக்கும் கிடைக்கும், யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம். கடைசியா, 'மிஷின் கேள்வி கேட்காது. அதற்கு முகம் இல்லை, அதனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. பேசாமல் கொடுக்கும்'னு எழுதினேன். பேர் போடாம ஆலோசனைப் பெட்டியில போட்டுட்டு வந்தேன். யார் படிக்கப் போறாங்க? அந்தப் பெட்டியில மிட்டாய்க் காகிதத்தைத் தவிர எதுவும் விழுந்து நான் பார்த்ததில்லை.

படிச்சுத் தொலைச்சுட்டாங்க. நாலே மாசத்துல மிஷின் வந்து இறங்குச்சு, அதுவும் ஸ்டோர் ஜன்னலுக்கு நேர் எதிர்ல. ஸ்டோரையே மூடுவாங்கன்னு சத்தியமா நான் நினைக்கல. சாவியை வாங்கிக்கிட்டு இவரைப் பேக்கிங்குக்கு அனுப்பிட்டாங்க, அட்டைக்கு டேப் ஒட்டற வேலைக்கு. அன்னிக்குச் சாப்பிடும்போது, "எவனோ பேர் போடாம எழுதிப் போட்டிருக்கான். நேரா என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்"னு மட்டும் சொன்னார். நான் அவர் தட்டுல இன்னொரு கரண்டி சோறு வச்சேன். என்ன வேணா ஆகட்டும், அது நான்தான்னு இவருக்குத் தெரியாம இருந்தா போதும்னு ஆயிடுச்சு.

மிஷின் லட்சணத்தையும் சொல்லணும். ஆளுக்கு மாசம் ரெண்டு ஜோடிதான். மூணாவது தடவை கார்டைக் காட்டினா சிவப்பு லைட் எரியும். வெல்டர் அதுகிட்ட நயமாப் பேசிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், குடும்பத்தையே இழுத்துத் திட்டியும் பார்த்தார். இல்லை சார்னா இந்த வசவுக்குப் பாதியிலேயே கொடுத்திருப்பார். கிழிஞ்சதை ஊசி நூல் வச்சுத் தைச்சுப் போட்டுக்கிட்டோம். கிளவுஸ் உபயோகம் மூணுல ஒரு பங்கு குறைஞ்சுடுச்சு, மிஷின் மகத்தான வெற்றின்னு மேனேஜர் போர்டுல எழுதிப் போட்டார். எங்க விரல்களை யாரும் எண்ணிப் பார்க்கல.

அதோட விட்டாரா மேனேஜர்? யோசனை சொன்னவங்களைக் கௌரவிக்கணுமாம். காலையில எல்லாரையும் நிக்க வச்சு, என் லெட்டரைத் தூக்கிக் காட்டி, "எழுதினவங்க முன்னாடி வாங்க"ன்னார். யாரும் அசையல. நான் மூணாவது வரிசையில வெல்டர் முதுகுக்குப் பின்னாடி நின்னேன். அவருக்கு அப்பத்தான் மூளை வேலை செஞ்சுது. "எல்லாருடைய சீட்டையும் வருஷக்கணக்காப் படிச்சவர் ஒருத்தர் இருக்காரே"ன்னு இவரைக் கூப்பிட்டார்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு நிதானமாப் படிச்சார். பதினோரு வருஷம் என் எழுத்தைப் பார்த்தவருக்கு முதல் வரியே போதும். ஆனா கடைசி வரி வரைக்கும் படிச்சார். காது மடல் சிவந்துச்சு. என் பக்கம் திரும்பவே இல்லை.

"என் எழுத்துதான்"னார்.

மேனேஜருக்குத் தலைகால் புரியல. தன் நாற்காலியையே விட்டுக் கொடுத்த தியாகின்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டார். பரிசு என்ன தெரியுமா? ஒரு வருஷத்துக்கு அவர் கார்டுக்கு மட்டும் மிஷின்ல அளவே கிடையாது. அட்டை ஒட்டற ஆளுக்கு அள்ள அள்ளக் கிளவுஸ். எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன்.

மறுநாள் டீ இடைவேளையில மிஷின் முன்னாடி பெரிய வரிசை. அவர் கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்கறார். "பழசைக் காட்டு. இது கிழிசலா? இல்லை, போ" அப்படின்னு பழைய பாட்டேதான். ஜன்னல்ல இருந்து பத்தடி தள்ளி வந்திருக்கார், அவ்வளவுதான் மாற்றம். ஜனங்களும் சந்தோஷமா வாங்கிக் கட்டிக்கிட்டு நிக்கறாங்க.

வீட்டுல மட்டும் வாயே திறக்கல. ரெண்டாம் நாள் பொறுக்க முடியாம, "நான்தான் எழுதினேன், உங்களுக்குத் தெரியும். ஏன் உங்க எழுத்துன்னு சொன்னீங்க?"ன்னு கேட்டேன். "ம்"முன்னார். என்னைக் காப்பாத்தவா, பொண்டாட்டியே வேலைக்கு உலை வச்சாளேன்னு ஊர் சிரிக்கக் கூடாதுன்னுதானா, அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் தெரியல. அழுது பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். ஒண்ணும் நடக்கல.

நேத்து என் ரெண்டாவது ஜோடியும் பிஞ்சுது. வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி வெல்டரைக் கால்மணி நேரம் வறுத்து எடுத்துட்டிருந்தார். என் முறை வந்துச்சு. கிழிஞ்சதைப் பிடிச்சுக்கிட்டு, மலையா உடைக்கறேன்னு கேக்கட்டும்னு காத்துக்கிட்டு நின்னேன்.

அவர் கார்டைக் காட்டினார், நம்பரை அமுக்கினார். விழுந்த புது ஜோடியை எடுத்து என் கையில வச்சார். பழசைப் பார்க்கவும் இல்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. நான் லெட்டர்ல கேட்டிருந்தது இதைத்தான்.

நான் நகரல. "ஏங்க, இல்லைன்னாவது சொல்லுங்களேன்"னேன்.

அவர் என் தோளுக்கு மேல பார்த்து, "அடுத்தது யாரு?"ன்னார்.