முதல் கீல்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் நான், என் மனைவி, என் மகன், என் தம்பி, தம்பி மனைவி, தகட்டைக் கீலாக அடிக்கும் பிரஸ்ஸை ஓட்டும் நெட்டையன். அவ்வளவுதான். வேறு யார் அதைப் பற்றிப் பேசினாலும் அவர்கள் அங்கே இல்லை.

நாங்கள் கதவுக் கீல் செய்கிற குடும்பம். அப்பா காலத்திலிருந்து ஒரு முறை உண்டு. புது அச்சில் வரும் முதல் கீலை வீட்டுக்கு மூத்தவர் கையில் கொடுப்பார்கள். அவர் அதைக் காதோரம் வைத்துத் திறந்து மூடிப் பார்த்து, ‘ஓட்டு’ என்று சொன்ன பிறகுதான் பிரஸ் ஓடும். அப்பாவுக்குப் பின் அந்தச் சொல் என்னுடையது.

கூலி குறைவு என்று தொழிலைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவன் நான்தான். அந்த லாபத்தில்தான் வீட்டுக் கல்யாணங்கள் நடந்தன, தம்பி மகள் கல்யாணம் உட்பட. அவன் மட்டும் பழைய பிரஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு இந்தத் தகரக் கூரைக்குள் வந்து உட்கார்ந்தான். பிழைக்கத் தெரியாதவன் என்றோம்.

இப்போது என் மகன் தொழிலைத் திருப்பிக் கொண்டுவருகிறான்.

"அங்கயும் கூலி ஏறிடுச்சுப்பா. கப்பல் வாடகை அதுக்கும் மேல. ஒரு மாடல மாத்தணும்னா ஒரு கப்பல் பழைய சரக்க வித்துத் தீக்கணும். சித்தப்பா போன வாரம் வரைஞ்சத இந்த வாரம் கையில குடுக்குறாரு."

சித்தப்பா வரைந்தது, எப்படித் தள்ளினாலும் கதவை மெதுவாகவே மூடும் கீல். அதைச் சொன்னபோது மகன் முகம் மலர்ந்திருந்தது. நான் கப்பல் கப்பலாகச் சரக்கு இறக்கிய காலத்தில் அந்த முகம் எனக்காக ஒருநாளும் அப்படி மலர்ந்ததில்லை.

முதல் கீல் விழுந்தது. மகன் எண்ணெயைத் துடைத்து எடுத்து வந்தான். நான் கையை நீட்டினேன். அவன் என்னைத் தாண்டிப் போய்ச் சித்தப்பாவிடம் கொடுத்தான். வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். நீட்டிய கையால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன்.

தம்பி அதைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். "அண்ணே, நீங்க சொல்லுங்க. நெட்டையன் காத்துக்கிட்டு நிக்கிறான்."

"எனக்குக் காது மந்தம்பா. நீயே சொல்லு."

"யாருக்கு, இவருக்கா?" என்றாள் என் மனைவி. "நான் அடுப்படியில முணுமுணுத்தா வாசல்ல இருந்து பதில் வரும்."

நெட்டையன் சிரித்தான். வாங்கிக் காதில் வைத்தேன். ஒரு குறையாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டே கேட்டேன். கரகரப்பு இல்லை. பிசிறு இல்லை. தம்பியிடமே திருப்பிக் கொடுத்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்து நின்றார்கள். பிறகு தம்பி, "ஓட்டு" என்றான். அப்பாவின் குரல் அவனுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

நான் வெளியே வந்தேன்.

கதவை அறைந்துவிட்டுப் போனேன் என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். பொய். அந்தக் கதவில், தம்பி முன்பே சோதனைக்காகக் கையால் செய்த கீல் மாட்டியிருந்தது. நான் எவ்வளவு வேகமாக இழுத்தும் அது தன் போக்கில், உள்ளே நின்றவர்களை ஒவ்வொருவராக மறைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் மூடியது. கடைசியாக மறைந்தவன் என் மகன். அவன் பிரஸ் பக்கம் திரும்பியிருந்தான்.