முன்பல்லும் மூன்று ஓலையும்

"இன்னும் கொஞ்சம் திற. சீக்கிரம்டி, எனக்கு வேற வேலை இல்லையா?" என்று வியாகுலம்மாள் அதட்டினாள். லூர்துராணியால் பதில் சொல்ல முடியவில்லை. அம்மாவின் ஆள்காட்டி விரல் அவள் வாய்க்குள் இருந்தது. இருபத்துமூன்று வயதுப் பெண்ணை, முனிசிபல் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற டீச்சரை, விடிந்தும் விடியாததுமாகக் கிணற்றடித் துவைகல்லில் உட்காரவைத்து, எலுமிச்சம்பழச் சாற்றில் குழைத்த செங்கல் தூளால் பல் தேய்த்துவிட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் எரிச்சலைக் காட்டவும் வாய் வேண்டும். லூர்துராணி கண்ணை மட்டும் உருட்டினாள். அம்மா அதைச் சட்டை செய்யவில்லை.

மேல்வரிசையில் நடுப்பல் இரண்டிலும் பல்லுக்கொரு வெள்ளைப் புள்ளி. சுண்ணாம்பைத் தொட்டு வைத்தது போல இருக்கும். பால் பல் விழுந்து புதுப்பல் முளைத்த நாளிலிருந்து அப்படித்தான். அதனால் அவளுக்கு ஒரு குறையும் வந்ததில்லை. கோயிலில் பாட்டுப் பாடினாள், டீச்சர் பரீட்சை எழுதினாள், பாலக்கரை முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள். புதிதாக வகுப்புக்கு வந்த ஒரு பெண் குழந்தை மட்டும், "டீச்சர், பல்லுல சோறு ஒட்டியிருக்கு" என்று சொன்னது. அதற்கும் சிரித்தாள். தஞ்சாவூரிலிருந்து சம்பந்தம் பேச ஆள் வந்த பிறகுதான் வியாகுலம்மாளுக்கு அந்தப் புள்ளிகள் இரண்டும் பூசணிக்காய் அளவு தெரிய ஆரம்பித்தன.

அதற்கப்புறம் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சின்னப்பிள்ளையில் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றிருப்பாள் என்றாள் எதிர்வீட்டுக்காரி. நாளெல்லாம் சாக்பீஸ் தூளை விழுங்கினால் பல் வெளுக்காமல் என்ன செய்யும் என்றாள் சித்தி, இவள் டீச்சராவதற்குப் பத்து வருஷம் முன்பே புள்ளி வந்துவிட்டது என்பதை யோசிக்காமல். காரணத்துக்கொரு மருந்தும் இருந்தது. அடுப்புக்கரி, உப்பு, படிகாரம் எல்லாம் ஒரு சுற்று வந்தன. கூட வேலை பார்க்கும் அரவிந்தவல்லி டீச்சர், பாவம், நல்ல மனசோடு ஸ்ரீரங்கத்தில் தனக்குத் தெரிந்த வைத்தியரிடம் கேட்டு ஒரு டப்பா பொடி வாங்கி வந்து கொடுத்தாள். "கார்த்தாலயும் சாயங்காலமும் நன்னாத் தேய்ச்சுப் பாருங்கோ. எங்காத்துல எல்லாருக்கும் இதுதான்" என்றாள். பல் பளபளவென்று ஆயிற்று. பளபளத்த பல்லில் புள்ளி முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது.

பொடியும் கைவிட்டதும் வியாகுலம்மாள் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வாயைத் திறக்கவே கூடாது என்று கட்டளை போட்டாள். "மேலுதட்டைக் கீழ இறக்கி வெச்சுக்க. சிரிச்சே, கொன்னுபுடுவேன்."

மாப்பிள்ளை விக்டர் தஞ்சாவூரில் தபால் ஆபீஸ் குமாஸ்தா. ஒல்லியாக, காது கொஞ்சம் பெரிதாக, யாரையும் பயமுறுத்தாத முகத்தோடு இருந்தான். "எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கறீங்க?" என்று அவனாகவே கேட்டான். லூர்துராணி மூன்று விரலைக் காட்டினாள். அவன் திகைத்துப்போய், பேச்சை எப்படியாவது நகர்த்த வேண்டுமே என்று ஆபீஸ் கதை ஒன்றை எடுத்துவிட்டான். ஒரு கவர் வந்ததாம். மேல் விலாசத்தில் 'என் மாப்பிள்ளை, தஞ்சாவூர்' என்று மட்டும் எழுதியிருந்ததாம். "விசாரிச்சு விசாரிச்சு நாலாம் நாள் கொண்டுபோய்ச் சேர்த்துட்டோம்ங்க. அந்த மாப்பிள்ளை வாங்க மாட்டேன்னுட்டார். மாமனாரோட சண்டையாம்." லூர்துராணிக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்தாள். மூச்சைப் பிடித்தாள். சிரிப்பு போக வேறு வழியில்லாமல் கண்ணில் நீராக வந்து நின்றது. விக்டர் அந்தக் கண்ணீரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டதை அவளும் பார்த்தாள். இப்படிச் சிரிக்கவைக்கிறவனோடு காலம் தள்ளலாம் என்று அந்த நிமிஷமே அவள் முடிவுசெய்துவிட்டாள். அதை அவனிடம் சொல்லத்தான் வாய் இல்லை.

பெரியவர்கள் பேசி முடித்தார்கள். போன ஞாயிறு பூசையில் பங்குச்சாமியார் முதல் ஓலை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு ஊரறிய வாசித்த பிறகுதான் கல்யாணம். தவக்காலம் வருவதற்குள் மூன்று ஓலையும் முடிந்தாக வேண்டும். தப்பினால் ஈஸ்டர் கழியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தப் புள்ளிகளைத் தேய்த்தே அழித்துவிடுவது என்று வியாகுலம்மாள் கங்கணம் கட்டிக்கொண்டு திங்கட்கிழமையே செங்கல்லை உடைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் லூர்துராணி பிடிவாதமாக அம்மாவைத் தெப்பக்குளத்துக்கு எதிரே மாடியில் இருந்த சீனாக்காரப் பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் பத்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறவர். சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு நெடுநேரம் பார்த்தார்.

"என்ன போட்டுத் தேய்க்கிறீங்க?"

வியாகுலம்மாள் பெருமையாகப் பட்டியல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, இது அழுக்கு இல்லை. தேய்ச்சாப் போகாது. பல்லு ஈறுக்குள்ள உருவாகும்போதே வந்தது. சில ஊர்ல தண்ணியால வரும், அங்க எல்லார் பல்லுலயும் இருக்கும். இவங்களுக்கு ரெண்டே பல்லுலதான் இருக்கு. சின்ன வயசுல பெரிய காய்ச்சல் வந்துதா?"

வியாகுலம்மாள் அவர் கீழே வைத்த கண்ணாடியையே பார்த்தாள்.

"புளிப்பும் செங்கல்லும் போட்டா பல்லோட மேல்தோல்தான் போகும். புள்ளி போகாது. வேணும்னா பல்லை ராவிட்டுத் தங்க உறை போடலாம். ஆனா நல்ல பல்லு. நான் ராவ மாட்டேன்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

திரும்பும்போது ஜட்காவில் வியாகுலம்மாள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பாலக்கரை திருப்பத்தில்தான் வாய் திறந்தாள். "உனக்கு மூணு வயசு. இருபத்தோரு நாள் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்னு உங்கப்பா தலைப்பாடா அடிச்சுக்கிட்டார். நான்தான் மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டு வீட்லயே வெச்சிருந்தேன்." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நான் வெச்ச கறை இது."

லூர்துராணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அதான் பொழைச்சுட்டேனேம்மா" என்றாள். அதோடு செங்கல் தூள் நிற்கும் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் அம்மா இரண்டு மடங்கு அழுத்தித் தேய்த்தாள். இதில் கொடுமை என்னவென்றால், இனி அவள்மேல் நிம்மதியாகக் கோபப்படக்கூட முடியாது. வியாழக்கிழமைக்குள் ஈறு புண்ணாகிவிட்டது. தண்ணீர் பட்டால் பல் சுரீரென்றது. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது காற்றுப் பட்டாலே கூசியது. பிள்ளைகளையே சொல்லச்சொல்லிவிட்டு அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சாமியார் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. அப்பா அடைக்கலம் ரயில்வே ஆபீஸிலிருந்து வர இருட்டிவிடும். தாயும் மகளும் போனார்கள். உள்ளே போனால், நாற்காலி நுனியில் விக்டர் உட்கார்ந்திருந்தான். இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றான்.

அற்புதம் என்ற அந்தப் பங்குச்சாமியார் வளைத்துப் பேசத் தெரியாதவர். "ராணி, இவர் எனக்கு ஒரு கடுதாசி எழுதியிருந்தார். பொண்ணு ஒரு வார்த்தை பேசலை, ஒரு தடவைகூடச் சிரிக்கலை, கண்ணுல தண்ணி நின்னதுன்னு எழுதியிருக்கார். கட்டாயப்படுத்தித்தான் சம்மதிக்க வெச்சிருக்காங்களோன்னு பயப்படறார். எனக்கு உன்னைத் தெரியும், நீ வாய் ஓயாம பேசற பொண்ணு. நீ பேசலைன்னா அதுக்கு ஏதோ காரணம் இருக்கணும். பொண்ணு மனசாரச் சம்மதம் சொல்லாட்டி அது கல்யாணமே இல்லை. உன்னைக் கேக்காம நாளைக்கு நான் ரெண்டாவது ஓலை வாசிக்க மாட்டேன்."

நாளை ஓலை நின்றால் ஊர் முழுக்க ஏன் என்று கேட்கும். ஆளுக்கொரு காரணம் சொல்லும், பல்லுக்குச் சொன்னதுபோல. லூர்துராணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கதவோரம் நின்றுகொண்டு, சாமியார் கவனிக்காதபடி, இரண்டு விரலால் தன் மேலுதட்டைக் கீழே இழுத்துக் காட்டினாள். இந்த நேரத்திலும்!

"சம்மதமா?" என்றார் சாமியார்.

அவள் தலையாட்டினாள்.

"தலையாட்டினா ஆச்சா? வாயைத் திறந்து சொல்லு."

உதட்டைப் பிரிக்காமல் அவள் ஏதோ சொன்னாள். அது சம்மதமென்றும் கேட்கவில்லை, மறுப்பென்றும் கேட்கவில்லை. சாமியார் காதருகே கையை வைத்து முன்னால் குனிந்தார்.

"விடுங்க சாமி" என்றான் விக்டர். "அவங்களை வதைக்க வேண்டாம். எனக்குப் புரிஞ்சுபோச்சு. அடுத்த வண்டிக்கு நான் கிளம்பறேன். இஷ்டமில்லைன்னு அவங்க சொன்னதா இருக்க வேண்டாம், நான்தான் வேண்டாம்னேன்னு இருக்கட்டும்."

"என்ன புரிஞ்சுபோச்சு உங்களுக்கு?"

கேட்டது தான்தானா என்று லூர்துராணிக்கே ஒரு நிமிஷம் ஆச்சரியமாக இருந்தது. அந்தக் குரல் பங்களாச் சுவரில் மோதித் திரும்பியது. அதற்குப் பிறகு அடைக்க முடியவில்லை.

"அழுதேனாம்! அந்த மாப்பிள்ளை கதையைச் சொல்லிட்டுச் சிரிக்காதேன்னா மனுஷி என்ன செய்வா? சிரிப்பை அடக்கி அடக்கிக் கண்ணுல தண்ணி வந்துச்சுங்க. இங்க பாருங்க. சாமி, நீங்களும் பாருங்க." விரலால் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்தாள். "இந்த ரெண்டு புள்ளிதான். இதுக்காகத்தான் ஒரு மாசமா ஊமையா இருக்கேன். கரி போட்டாச்சு, உப்பு போட்டாச்சு, ஸ்ரீரங்கத்துப் பொடி போட்டாச்சு. போகலை. போகவும் போகாதாம். எனக்குச் சம்மதம். உங்களுக்கு இந்தப் பல்லு சம்மதமான்னு நீங்க சொல்லுங்க."

எப்படி வந்தது என்று கேட்பார்கள், எல்லோரும் கேட்ட கேள்விதானே. "காய்ச்சல்ல வந்தது. யார் மேலயும் தப்பில்லை" என்று அவளே முந்திக்கொண்டு சொன்னாள். சொல்லும்போது அம்மா பக்கம் திரும்பவில்லை.

சாமியார் மூக்குக்கண்ணாடியைத் தேடி மேஜைமேல் தடவினார். விக்டர் ஓரடி முன்னால் வந்தான். ஜன்னல் வெளிச்சத்தில் அவன் அவள் பற்களைப் பார்த்தான். புள்ளிகளைப் பார்த்தானோ என்னவோ, அவன் கண் அதற்கும் மேலே, ஈறில், சிவந்து தோலுரிந்து கிடந்த இடத்தில் நின்றது.

"வலிக்குதா?" என்றான்.

இத்தனை நாளில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. லூர்துராணி உதட்டைப் பிடித்த கையை எடுக்க மறந்து அப்படியே நின்றாள். "புள்ளி வலிக்காது" என்றாள். "தேய்ச்சதுதான் வலிக்குது."

கதவோரத்தில் வியாகுலம்மாள் தன் வலது கையை மெல்ல இறக்கினாள். எத்தனை கழுவியும் போகாமல் ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் செங்கல் சிவப்பு ஏறியிருந்தது. அந்த விரலை மட்டும் முந்தானையில் சுற்றி, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.