கேட்டு வாங்கிய பச்சோந்தி

மாலை ஏழு மணிக்குத் தொலேகென் மாமாவிடமிருந்து அழைப்பு வரும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது.

"குடிச்சுதா?"

"குடிச்சுது மாமா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"சரி."

மக்பால் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சன்னலோரம் இருந்த கண்ணாடித் தொட்டியின் பக்கம் திரும்பாமல் சமையலறைக்குப் போவாள்.

இப்படிப் பதினொரு நாள் போயிற்று. முதல் நாள் சொன்னபோது அது பொய் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தொட்டிக்குள் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தாள். மாலைக்குள் அது ஒரு விரல் குறைந்திருந்தது. பச்சோந்தி குடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நவம்பர் மாதத்து அல்மாட்டியில், சுவரோரக் குழாய்களில் நாளெல்லாம் வெந்நீர் ஓடி வீடே காய்ந்து கிடக்கும்போது எந்தக் கிண்ணத்தில்தான் தண்ணீர் குறையாது? அவள் யோசித்திருக்க வேண்டும். விதைகளில் நோய் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். காலையில் போனதும் காற்றின் ஈரத்தை அளந்து எழுதுவதுதான் அவளுடைய முதல் வேலை.

மூன்றாம் நாளிலிருந்து அவள் யோசிக்காமல் இல்லை. யோசித்துக்கொண்டேதான் "குடிச்சுது" என்றாள்.

அது மூன்று மாதக் குட்டி. ஊரை விட்டுப் போகும் யாரோ ஒருவரிடமிருந்து மாமா வாங்கி வந்தது. மாமா முப்பது வருடம் டிராலிபஸ் ஓட்டியவர், வசந்தத்தில் ஓய்வு பெற்றார். கோடை முழுக்கச் சன்னலருகே உட்கார்ந்து போகிற வருகிற டிராலிபஸ்களின் நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பச்சோந்தி வந்தபிறகு அதை விட்டுவிட்டார். நான்கு பக்கமும் வலையடித்துக் கூண்டு செய்தார். உள்ளே ஒரு அத்திச் செடித் தொட்டி, மேலே தானாக எரிந்து அணையும் இரண்டு விளக்குகள். இரண்டு வாரத்துக்கு யாரும் அதைத் தொடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டார். பக்கத்தில், அது தண்ணீர் குடிப்பதைத் தேதியோடு குறித்துவைக்க ஒரு கோடு போட்ட நோட்டு.

அது வந்த அடுத்த திங்கட்கிழமை, இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மாமா வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

"நாப்பது வருஷத்துல எனக்கு ஒரு பூச்செடி வாங்கிக் குடுத்ததில்ல. இந்தப் பல்லிக்கு மரம் வந்திருக்கு, விளக்கு வந்திருக்கு," என்றாள் ஷோல்பான் அத்தை.

"நீ பேசுவே. அது பேசாது," என்றார் மாமா.

"பேசாததுன்னா அதோ நிக்கிறாளே உங்க அக்கா மக, அவள வளக்கலாமே!" அத்தை மக்பாலைக் கைகாட்டினாள். மேசை முழுக்கச் சிரிப்பு. "அஞ்சு வருஷம் உயிரியல் படிச்சா. கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறதப் பாரு. டிராலிபஸ் ஓட்டினவருக்குத் தெரிஞ்சது இவளுக்குத் தெரியல."

அத்தை மனதில் வைத்துப் பேசுகிறவள் இல்லை. மக்பாலுக்கும் அது தெரியும். ஆனாலும் காது சூடானது. வலைக்குப் பின்னால் விரல் நீளத்தில், இலையோடு இலையாக அது ஒரு கண்ணால் அவளையும் மறு கண்ணால் மாமாவையும் பார்த்துக்கொண்டிருந்தது. மக்பால் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மாமா, ஜியெனாக் கேக்கறேன். இத எனக்குக் குடுங்க."

சிரிப்பு நின்றது. அப்புறம் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பியது. சிலர் கைதட்டினார்கள்.

ஜியென் என்றால் உடன்பிறந்தவளின் பிள்ளை. ஜியென் வாய்விட்டுக் கேட்டால் தாய்மாமன் இல்லை என்று சொல்லக் கூடாது. ஆயுளில் மூன்று முறை அந்த உரிமை. அந்தக் காலத்தில் குதிரை கேட்பார்கள். இப்போதெல்லாம் குழந்தைகள் விளையாட்டுக்குக் கேட்பதோடு சரி. மக்பால் ஆறு வயதில் மாமாவின் சீருடைத் தொப்பியைக் கேட்டு வாங்கினாள். அதற்குப் பிறகு இதுதான்.

மாமா முள்கரண்டியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"எடுத்துக்க. கூண்டையும் எடுத்துட்டுப் போ."

"வேணாம் மாமா. வீட்டுல பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கு."

"கண்ணாடி ஆகாதுங்கறாங்களேம்மா. காத்து ஓடணுமாம். தண்ணி இலையில சொட்டா நின்னாத்தான்…"

"மாமா, நான் இதத்தான் படிச்சேன்."

"அப்படிப் போடு!" என்றாள் அத்தை.

மாமா நோட்டை மூடி அலமாரியில் வைத்தார்.

அவள் படித்தது கோதுமையில் வரும் பூஞ்சையைப் பற்றி.

மறுநாளிலிருந்து மக்பாலின் அம்மா ஆட்களை அழைக்க ஆரம்பித்தாள். வீட்டுக்குப் புதிதாக ஒன்று வந்தால் முதல்முறை பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வர மாட்டார்கள். தேயிலை வந்தது, மிட்டாய் வந்தது, ஒருத்தி பட்டுத் தலைத்துணி கொண்டுவந்தாள். கொடுத்தவர்களுக்குக் கையில் வாங்கிப் பார்க்கும் உரிமையும் உண்டு. குட்டி கை மாறி கை போயிற்று. உடம்பெல்லாம் கறுத்து, அதில் மஞ்சள் பட்டைகள் எழும்பி, வாயைப் பிளந்தது.

"சிரிக்குது பாரு!"

"சந்தோஷமா இருக்கா மக்பால் அது?"

வாயைப் பிளந்தால் அது பயந்து எச்சரிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த அளவுக்கு யாருக்கும் தெரியும். ஆனால் பன்னிரண்டு பேர் இருந்த அறையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

"கலர் நல்லா வந்திருக்கு," என்றாள்.

எட்டாம் நாள் தொட்டியின் அடியில் எச்சம் கிடந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. உடம்பில் நீர் இல்லை என்று அர்த்தம். காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போட்டாள். அன்று மாலை ஏழு மணிக்கும், "குடிச்சுது மாமா."

"இத்தன கண்ணு பட்டா தாங்குமா," என்று பத்தாம் நாள் அம்மா அடிரஸ்பான் செடியை வாணலியில் போட்டுக் கொளுத்தி வீடு முழுக்கப் புகை காட்டினாள். சளிக்கும் அதுதான், திருஷ்டிக்கும் அதுதான். தொட்டியைச் சுற்றி மூன்று முறை. கண்ணாடிக்குள் போன புகை வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்றது. மக்பால் பார்த்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று அம்மா கேட்பாள்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. பகல் வெளிச்சத்தில் குட்டி தொட்டியின் தரையில் கண்ணை மூடிக் கிடந்தது. கண் இருந்த இடம் இரண்டும் குழி. கையில் எடுத்தாள். அது கறுக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. அவளுக்குப் பயப்படக்கூட அதனிடம் தெம்பு இல்லை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "சன்னல் திறந்திருந்துச்சு, குளிர்ல போயிடுச்சுன்னு சொல்லிடலாம். உங்க மாமா என்ன, வழக்கா போடப்போறான்?"

அந்தப் பேச்சில் ஒரு நொடி அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை உணர்ந்ததும் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

செருப்புப் பெட்டியில் கம்பளித் துண்டு, அதற்கடியில் வெந்நீர் பாட்டில். டிராலிபஸ்ஸில் பெட்டியைக் கோட்டுக்குள் வைத்து அணைத்தபடி ஏழு நிறுத்தம் நின்றுகொண்டே போனாள்.

மாமா கையெல்லாம் மாவோடு கதவைத் திறந்தார். அத்தை தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பௌர்சாக் பொரிப்பதற்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர், பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

முன்னறையில் கூண்டு அப்படியே நின்றது. இரண்டு விளக்குகளும் எரிந்தன. அத்தி இலைகளில் தண்ணீர் சொட்டு நின்றது. காலியான கூண்டுக்குத் தினமும் தெளித்திருக்கிறார்.

"திரும்ப எடுத்துக்குங்க மாமா."

"ஜியெனுக்குக் குடுத்தத வாங்கினவன்னு எனக்குப் பேர் வேணுமா? அது நடக்காது." குரல் கோபமாக இல்லை. பெட்டியைத் திறந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "விருந்தாளியா வரட்டும். விருந்தாளிய மூணு நாள் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

கையைக் கழுவிவிட்டு, தெரிந்த ஒரு கால்நடை மருத்துவர் அம்மாவைக் கைபேசியில் அழைத்தார். கை ஈரம், அதனால் ஒலிபெருக்கியில் போட்டார்.

"கண்ணு குழி விழுந்திருக்கு டாக்டர். எழுந்திரிக்கல."

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சுது?"

மாமா அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார்.

"நேத்து. முந்தாநேத்தும் குடிச்சிருக்கு. ஒரு நாள் விடாம குடிச்சிருக்கு டாக்டர், தேதி போட்டு எழுதியிருக்கேன்."

மக்பாலுக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. பஸ் ஓட்டுநரின் கட்டை எழுத்து. பச்சோந்தி அவளிடம் போனபிறகும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரே சொல். குடித்தது. குடித்தது. குடித்தது. பதினொரு வரி.

"தினமும் குடிச்சா இப்படி ஆகாதே," என்றது தொலைபேசி. "அப்ப நீர்வறட்சி இல்ல. சிறுநீரகமாத்தான் இருக்கணும். கொண்டுவாங்க, ஊசி போட்டுப் பாப்போம். இந்தச் சின்ன உடம்பு தாங்குமான்னுதான் தெரியல."

"இதோ கிளம்பறோம்."

மாமா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துண்டை அவிழ்த்துப் போட்டார். வாசலில் அவர் பூட்ஸுக்குள் காலை நுழைக்கும் சத்தம் கேட்டது.

"குடிக்கல," என்றாள்.

"என்னம்மா?"

"ஒரு நாள்கூட நான் பாக்கல மாமா. கிண்ணத்துல வச்சேன். இலையில தெளிக்கவே இல்ல. வந்தவங்க எல்லாரும் கையில எடுத்தாங்க. எச்சம் ஆரஞ்சா இருந்துச்சு, நான் துடைச்சுப் போட்டுட்டேன்." ஆய்வுக்கூடத்தில் அறிக்கை வாசிப்பதுபோல ஒன்று விடாமல் சொன்னாள். அழுகை வந்தால் நிறுத்த வேண்டியிருக்கும் என்று வேகமாகச் சொன்னாள். "புகையும் போட்டோம்."

தொலைபேசி இன்னும் அணைக்கப்படவில்லை. அந்தப் பக்கமிருந்து மருத்துவர்தான் முதலில் பேசினார். "அப்ப ஊசி வேணாம், வெளியவும் தூக்காதீங்க. செடியோட குளியலறையில வைங்க. வெதுவெதுப்பா ஷவரத் திறந்து விடுங்க, சுவத்துல அடிச்சுத் தெறிக்கற மாதிரி. மேல நேரா விழக் கூடாது. அரைமணி நேரம், ஒரு நாளைக்கு மூணு தடவை. அதுவா வாயத் திறந்தாப் பிழைக்கும். நீங்க திறந்து ஊத்தாதீங்க."

மாமா ஒரு காலில் பூட்ஸோடு அத்திச் செடியைத் தூக்கிக்கொண்டு போனார். வழியெல்லாம் மண் சிந்தியது. திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.

"என் கையால எழுதினேன். என் கையால அடிக்க மாட்டேன். நீ அடி."

பதினொரு கோடு போட்டாள். ஐந்தாவது கோட்டில் காகிதம் கிழிந்தது.

அன்று குடிக்கவில்லை. "குடிக்கவில்லை" என்று எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடிக்கவில்லை. மதியம் ஒரு கண் திறந்து மூடியது. அதை எழுதலாமா என்று யோசித்து, பார்த்த நேரத்தோடு எழுதினாள். இரவு முன்னறைச் சோபாவில் படுத்துக்கொண்டாள். அத்தை வந்து பார்த்துவிட்டு, "மாமனும் மருமகளும் குளியலறைய எடுத்துக்கிட்டீங்க, நான் குளிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போறேன்," என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மாமா சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை. சொல்லாமல் இருந்தால் அது இன்னும் கஷ்டம்.

திங்கட்கிழமை வேலைக்கு விடுப்புச் சொன்னாள். காலை எட்டு மணிக்கு ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் பட்ட தண்ணீர் பனிபோல இலைகளின் மேல் இறங்கியது. ஒரு இலை நுனியில் சொட்டு திரண்டு கனத்தது. குட்டி ஒரு கண்ணை அதன் பக்கம் திருப்பியது. தலையை நீட்டியது. சொட்டில் வாயை வைத்தது. தொண்டை ஏறி இறங்கியது. நின்றது. மறுபடி ஏறி இறங்கியது. அவள் எண்ணினாள், ஒன்பது வரை.

சமையலறையில் எண்ணெய் சீறும் சத்தம். மாமா அங்கிருந்தே கேட்டார்.

"குடிச்சுதா?"

"வந்து பாருங்க மாமா."

"கையெல்லாம் மாவு. நீ சொல்லு."

"ஒரு நிமிஷம் வாங்களேன்."

"நீ பாத்தியா இல்லியா?"

அவள் நோட்டை விரல் நோக இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"குடிச்சுது மாமா," என்றாள்.

பதினொரு முறை சொன்ன அதே சொல், அதே குரல். அவள் காதுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

எண்ணெய் கொஞ்ச நேரம் சீறிக்கொண்டிருந்தது.

"சரி," என்றார் மாமா. "எழுது."