துண்டு போட்டு வைத்த இடம்

திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் போகும் காலை பஸ், செஞ்சிக் கோட்டை மதிலைத் தாண்டியதும் ஒரு ஹாரன் அடிக்கும். புளியந்தோப்புக் கிணற்றடியில் நிற்கும் மீனம்பாளின் காதில் அது விழுந்தால் போதும், குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவாள். கொல்லைப் படலைத் தள்ளி, அடுப்படியைத் தாண்டி, அவள் தெருவாசலுக்கு வருவதற்கும், எதிரே புங்கமரத்தடியில் பஸ் வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கும். விசிலைப் பல்லில் கடித்தபடி ஜெயராமன் இறங்குவான். காக்கிச் சட்டை, தோளில் நீலக்கரைத் துண்டு. ஒரு முறை இந்தப் பக்கம் பார்ப்பான். குட்டையாக மூன்று விசில் கொடுப்பான். பஸ் போய்விடும். மீனம்பாளின் நெஞ்சு மட்டும் நிற்காது. அது அடிக்கிற அடியில் கழுத்தில் கிடக்கும் பாசிமணி தாவணிக்குள் துள்ளும்.

ஜெயராமன் அவளுடைய அத்தை மகன். பஸ் கண்டக்டராகி மூன்று வருஷம். பெரியவர்கள் அவனுக்கு இவள் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை; இல்லை என்றும் சொல்லவில்லை.

இது காதல்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து கிளை நூலகத்தில் எடுத்து வந்து படித்த அயல்நாட்டுக் கதைகளில் எல்லாம் அப்படித்தான் எழுதியிருந்தது. பனி கொட்டும் ஊர்களில், ரயிலடிகளில், வண்டிச் சத்தம் கேட்ட பெண்களுக்கு நெஞ்சு படபடத்தது. மூச்சு முட்டியது. கன்னம் சிவந்தது. படுத்தால் தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து சன்னலைப் பார்த்தார்கள். மீனம்பாளும் படுத்தால் மூச்சு அடைத்து எழுந்து உட்கார்ந்தாள், சன்னலைப் பார்த்தாள். அங்கே பனிக்குப் பதிலாக ராஜகிரிக் கோட்டை மலை கறுப்பாக நின்றது. எந்த நாட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன, எல்லாருக்கும் நெஞ்சு ஒன்றுதானே என்று நினைத்துக்கொள்வாள்.

அம்மா காத்தாயிக்குப் பனியும் தெரியாது, ரயிலடியும் தெரியாது.

"இன்னாடி இது, நாலு எட்டு நடந்ததுக்கு இப்படி மேல்மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாமயா மூஞ்சி குங்குமமா செவந்து கெடக்குது?"

இதை எந்தப் பெண் அம்மாவிடம் சொல்லுவாள்? காத்தாயி வாய்வு என்று ஓமத்தண்ணி கொடுத்தாள். அதற்குக் கேட்கவில்லை என்றதும், காத்து கருப்பு என்று முடிவு செய்து, அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மனிடம் கூட்டிப் போவதாக வேண்டிக்கொண்டாள்.

அமாவாசைக்கு விட்ட ஸ்பெஷல் பஸ்ஸில் அன்றைக்கு ஜெயராமன்தான் கண்டக்டர். பஸ் கிளம்பிவிட்டது என்று நினைத்து அம்மாவும் மகளும் ஓடினார்கள். உள்ளே கால் வைக்க இடமில்லை. டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் மட்டும் நீலக்கரைத் துண்டு விரித்துக் கிடந்தது.

"உக்காரு அத்தே. நீங்க வருவீங்கன்னுதான் துண்டு போட்டு வச்சிருக்கேன்" என்றான் ஜெயராமன். பிறகு மீனம்பாளிடம், "ஆத்தாகிட்ட இன்னா கேக்கப் போற?" என்றான்.

"டிக்கெட் கிழிக்கிற புருஷன் மட்டும் வேணாம்னு கேக்கப் போறேன் மாமா."

"அப்ப உனக்குக் கிழிக்கல, போ."

பக்கத்துச் சீட்டில் இருந்த கிழவி சிரித்தாள். மீனம்பாளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. ஜெயராமன் துண்டை நீட்டினான். அவள் வாயைத் துடைத்து எடுத்தபோது துண்டில் சிவப்பாக இருந்தது.

யாரோ "சயரோகம்" என்றார்கள். சிரித்த கிழவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள். சற்று முன் கால் வைக்க இடமில்லாத பஸ்ஸில் அவர்களைச் சுற்றி மட்டும் இடம் உண்டாயிற்று. ஜெயராமன் நகரவில்லை. விசில் கொடுத்து வண்டியை நிறுத்தினான். எதிரே செஞ்சிக்குத் திரும்பி வந்த வண்டியைக் கைகாட்டி மறித்து அவர்களை ஏற்றினான். "நேரா ஆஸ்பத்திரிக்குப் போ அத்தே. ஆத்தா எங்கேயும் போயிட மாட்டா."

செஞ்சி ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த லேடி டாக்டர் ராஜம்மாள், மீனம்பாளை இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லி, மார்புக்குக் கீழே குழலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

"சின்ன வயசுல முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்துதா?"

"வந்துதும்மா" என்றாள் காத்தாயி. "மொதல்ல தொண்ட வலின்னா. அப்புறம் ஒரு முட்டி வீங்கும், அது வத்துனா இன்னொண்ணு வீங்கும். வேப்பெண்ண தடவினேன். தானா போயிடுச்சு."

"முட்டிய விட்டுப் போச்சு. இருதயத்துல போய் உக்காந்துக்குச்சு" என்றார் டாக்டர். பிறகு மீனம்பாளைப் பார்த்து, "எப்ப எப்ப நெஞ்சு அடிச்சுக்கும்?" என்று கேட்டார்.

மீனம்பாள் அம்மாவைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். "நீங்க போய் கம்பவுண்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வாங்க" என்று காத்தாயியை அனுப்பினார்.

"இப்ப சொல்லு."

"பஸ் வர்றப்ப."

"பஸ் வர்றப்ப நீ என்ன செய்வ?"

"ஓடி வருவேன்."

"எங்கேருந்து?"

"கெணத்தாண்டேருந்து."

டாக்டர் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டார். "ஓடாம ஒரு நாளாவது சும்மா நின்னு பார்த்திருக்கியா?"

மீனம்பாள் யோசித்தாள். இல்லை. இந்த மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் ஓடாமல் நின்று அவனைப் பார்த்ததில்லை.

காத்தாயி திரும்பி வந்ததும் டாக்டர் விளக்கினார். இருதயத்துக்குள் ஒரு வாசல் இருக்கிறது. அந்தப் பழைய காய்ச்சலில் அதன் கதவுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ரத்தம் சந்தில் நுழைவது போல நெருக்கிக்கொண்டு நுழைகிறது. தேங்குகிற ரத்தம் நுரையீரலில் போய் நிற்கிறது. இருமலில் வந்தது அதுதான், சயரோகம் கிடையாது. உப்பைக் குறைக்க வேண்டும், மாத்திரை சாப்பிட வேண்டும், ஓடவே கூடாது. ஆனால் அதோடு தீராது. வேலூருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும்.

"நெஞ்சப் பொளப்பாங்களா?" என்றாள் காத்தாயி.

"பக்கவாட்டுல தொறந்து, இருதயத்துக்குள்ள ஒரு விரலை விட்டு, ஒட்டிக்கிட்ட கதவை நீக்கி விடுவாங்க. நிறைய பேருக்குச் செஞ்சிருக்காங்க."

"வெரலா?" காத்தாயிக்கு அதுதான் ஜீரணமாகவில்லை. "யாரு வெரலும்மா?"

"டாக்டர் விரல்தான்."

"ஆம்பளையா பொம்பளையா?"

"உன் பொண்ணு மயக்கத்துல இருப்பா. அவளுக்கே தெரியாது. இப்படியே விட்டா இவளால பிள்ளை பெத்துக்க முடியாது. அப்புறம் படுக்கக்கூட முடியாது. வீட்ல வேற குழந்தைங்க இருக்குதா? தொண்டை வலி, முட்டி வலின்னா இங்க கூட்டிட்டு வா. வேப்பெண்ணெயோட நிறுத்தாதே."

கிளம்பும்போது மீனம்பாள் மட்டும் வாசலில் தயங்கினாள். "உள்ள வெரல வுட்டா, உள்ள இருக்குறது போயிடுமா?"

"உள்ள என்ன இருக்குது?"

"படபடப்பு."

"அது போறதுக்குத்தானே ஆபரேஷன்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் மீனம்பாள், ஆபரேஷன் வேண்டாம் என்றாள். தாலுக்கா ஆபீஸ் பியூனான அவள் நைனா தாண்டவராயன் கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார், சாப்பிடாமலும் இருந்து பார்த்தார். சாவுக்குப் பயப்படுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். சாவைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அவளுக்கென்று அவளிடம் இருந்தது அந்தப் படபடப்பு ஒன்றுதான். யாரோ ஒருவர் விரலை விட்டு அதை எடுத்துவிட்டால், அப்புறம் ஜெயராமன் யார்? படியில் தொங்கி வருகிற ஒரு கண்டக்டர்.

ஒரு நாள் ஜெயராமனே வந்தான். டூட்டி இல்லாத நாள், வேட்டியில் வந்திருந்தான். வாசற்காலில் சாய்ந்துகொண்டு கேட்டான்.

"ஏன் வேணாங்கற? செத்துப்பூடுவேன்னா?"

"அதில்ல மாமா."

"பின்ன?"

அவள் கொடியில் காய்ந்த புடவையைப் பார்த்தாள். அவனே சொன்னான்: "நீ ஓடி வர்றது எனக்குத் தெரியும் மீனா. படலு தள்ளுற சத்தம் புங்கமரத்தாண்ட கேக்குது. இத்தினி நாளா அதுக்குத்தான் மூணு விசில் கொடுத்துட்டு இருந்தேன். ரெண்டு விசில்லயே வண்டி போவும்."

அவளுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"இனிமே ஓடாத. வண்டி நிக்கும், நடந்து வா. நடந்து வர்றதுக்கு நீ இருக்கணுமில்ல?"

வேலூருக்குப் புறப்பட்ட அன்று திருவண்ணாமலை வரைக்கும் அவன் பஸ்ஸில்தான் போனார்கள். டிரைவருக்குப் பின்னால் துண்டு போட்டு வைத்திருந்தான். அவள் வாய் துடைத்த ரத்தக்கறை துவைத்துத் துவைத்துப் பழுப்பாக மாறியிருந்தது. இறங்கும்போது, "திரும்பி வர்ற வரைக்கும் இந்த இடம் உன்னுது" என்றான். கோட்டைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறிய பாதை முழுவதும் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டே வந்திருந்தது. அவள் அதைக் கடைசியாக ஒரு பாட்டைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்த பிறகு, இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகு வரை ஓடிய கட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். வலித்தது. இருமச் சொன்னார்கள்; இருமினால் உயிர் போனது. சில நாள் கழித்து மூச்சு, இதுவரை போகாத இடத்துக்கெல்லாம் போய் வந்தது. தலையணையை உயர்த்தாமல் படுத்துத் தூங்கினாள். உள்ளே மட்டும் ஒரு சத்தமும் இல்லை. கடிகாரம் நின்றுபோன வீட்டில் இருப்பது போல இருந்தது. காத்தாயி அழுது அழுது சந்தோஷப்பட்டாள். மீனம்பாளும் அழுதாள். இரண்டு அழுகையும் ஒன்று என்றே மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆரணி, சேத்துப்பட்டு வழியாக வேறு பஸ்ஸில்தான் ஊருக்குத் திரும்பினார்கள். மாதம் ஒரு பென்சிலின் ஊசி, உப்புக் குறைந்த சோறு, பின்கட்டில் படுக்கை. அத்தை விருத்தாம்பாள் சாத்துக்குடியோடு பார்க்க வந்தாள். "நெஞ்சத் தொறந்து மூடுன பொண்ணு. இன்னும் ஊசி வேற போடணுமாமே" என்று அண்ணியிடம் சொன்னாளே தவிர, மகனைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. மீனம்பாளும் கேட்கவில்லை.

தினமும் காலையில் ஹாரன் சத்தம் பின்கட்டு வரைக்கும் கேட்டது. விசில் சத்தம் அவ்வளவு தூரம் வராது. ஹாரன் கேட்டால் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். போய் நின்று பார்த்து, ஒன்றுமே அடிக்காவிட்டால்? இத்தனை வருஷமும் ஒட்டிக்கொண்ட ஒரு கதவையா அவள் நேசித்தாள்? போகாமல் இருக்கிற வரைக்கும் அது தெரியாமலாவது இருக்கும். நூலகத்திலிருந்து நைனா எடுத்து வந்த புத்தகம் பிரிக்காமல் தலைமாட்டில் கிடந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. ஹாரன் கேட்டது. மீனம்பாள் எழுந்து உட்கார்ந்தாள். முடியை முடிந்தாள். அடுப்படியில் காத்தாயி, "எங்கடி?" என்றாள். "வாசலுக்கு" என்றாள். ஓடவில்லை. நடந்தாள். நிலைப்படியைத் தாண்டித் தெருவில் இறங்கி, புங்கமரத்துக்கு எதிரே போய் நின்றாள். பஸ் வந்து நின்றது. நெஞ்சு சாதாரணமாக அடித்தது. தண்ணீர் சேந்தும்போது, தலை வாரும்போது எப்படி அடிக்குமோ அப்படி.

நீளமாக இரண்டே இரண்டு விசில் கேட்டது.

அவன் இல்லை.

படியில் நின்றது யாரோ ஒரு மீசைக்காரர். அவருக்குப் பின்னால் தலைகள், கூடைகள். மீனம்பாள் ஒவ்வொரு சன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கை தானாகப் போய் நெஞ்சைத் தொட்டது. அது அமைதியாகத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அது பாட்டுக்கு அது இருந்தது. அவள் அவனைத் தேடிக்கொண்டிருந்தாள். இந்த மரத்தடியில் அவன் இல்லாதது, தெருவில் ஒரு வீடு இல்லாமல் போனது போல இருந்தது. டிரைவருக்குப் பின்னால் இருந்த சன்னலுக்கு வந்ததும் கண் நின்றது. சீட்டில் ஆளில்லை. நீலக்கரைத் துண்டு விரித்துக் கிடந்தது.

"ஏறுறியாம்மா?" என்றார் மீசைக்காரர்.

"அந்தத் துண்டு யாருது?"

"அத ஏன் கேக்கற. ஜெயராமன்னு முன்ன இந்த வண்டில இருந்தவரு. புதுச்சேரி ரூட்டுக்கு மாத்திட்டாங்க. போறப்ப துண்டப் போட்டுட்டு, யாரோ ஆஸ்பத்திரிலேருந்து திரும்பி வரணும், அதுவரைக்கும் ஒருத்தரையும் உக்கார வுடாதன்னு சொல்லிட்டுப் பூட்டாரு. நிக்கற ஜனங்ககிட்ட தெனம் ஏச்சு வாங்கறது நானு. திண்டிவனம் ஸ்டாண்டுல பாக்கறப்பல்லாம் மொதக் கேள்வி, ஆளு வந்தாச்சான்னுதான்."

டிரைவர் ஹாரனை அழுத்தினார். "பேச்ச முடிப்பா, நேரமாவுது."

"அத எடுத்துக் குடுங்க" என்றாள் மீனம்பாள்.

மீசைக்காரர் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்த் துண்டை எடுத்து வந்து கொடுத்தார். பழுப்புக் கறை ஓரத்தில் அப்படியே இருந்தது. வெயிலும் தூசியும் பஸ்ஸின் எண்ணெய் வாடையும் அதில் ஏறியிருந்தன.

"இன்னான்னு சொல்லட்டும்?"

"ஆளு வந்தாச்சுன்னு சொல்லுங்க. நடந்துதான் வந்துதுன்னு சொல்லுங்க."

விசில் கேட்டது. காலியாக இருந்த சீட்டில் கூடைக்காரி ஒருத்தி ஓடிப்போய் உட்கார்ந்தாள். பஸ் தேரடிப் பக்கம் திரும்பி மறையும் வரைக்கும் மீனம்பாள் புங்கமரத்தடியில் நின்றாள். பிறகு பஸ் திண்டிவனம் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும் என்று நினைத்தபடி, துண்டை மடிக்காமல் தோளில் போட்டுக்கொண்டு, மெதுவாக நடந்து தெருவைக் கடந்தாள்.