ஹெல்மெட்டுக்குப் பதில் உருமா

1

இந்தக் கதை விளாங்குடி டீக்கடை ஒன்றில் எனக்கு ஓசியில் கிடைத்தது. பக்கத்து பெஞ்சில் இருந்தவர் ஹெல்மெட் போடாததற்கு வந்த அபராதத்தைக் கட்டப்போவதில்லை என்று செல்போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். "கோர்ட்டுலயே பாத்துக்கிறேன். தலையில உருமா இருந்துச்சுல்ல!" என்றார். நான் கேட்டது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. அவருக்கு அழகுராஜா என்று நானே பெயர் வைத்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: சட்டம் என்பது சாமானிய மனிதனின் தலைமீது எப்போதும்—

வேண்டாம். பேச்சுப்போட்டி வாடை அடிக்கிறது. மேலும் இது சட்டத்தைப் பற்றிய கதையே இல்லை. வயிற்றெரிச்சலைப் பற்றிய கதை.

2

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் மாமனார் காசிமாயனின் குலசாமி கும்பிடு. பொங்கல் இறக்கியதும் மருமகன்களுக்கு உருமா கட்டுவது அந்தக் குடும்பத்து வழக்கம்.* மூத்த மருமகனுக்குத்தான் முதல் கட்டு. மூத்தவர் மலையாண்டி; காளவாசலில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். இளையவன் நம் அழகுராஜா. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவன் காதில் விழுவதெல்லாம் மலையாண்டி புராணம். அந்த மனிதர் தும்மினால்கூட மாமனார் வீட்டில் அது ஒரு சேதி. சகலை என்றால் இப்படித்தான் என்று சும்மா இருக்க அழகுராஜாவால் முடியவில்லை. எரிந்தான்.

அன்று காசிமாயன் உருமாத் துணியோடு நேராக அழகுராஜாவிடம் வந்தார். முதல் கட்டு அவனுக்கு! உச்சி குளிர்ந்துபோனான்.

* உருமா, தலைப்பாகை. கட்டிக்கொண்டவர் அதை வழியில் அவிழ்க்கக் கூடாது. வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி கையால் அவிழ்க்க வேண்டும். மலையாண்டி இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கோயில் வாசலிலேயே மனைவியைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

3

அழகுராஜா கிளம்பும்போது உருமா தலையில் இருந்தது. ஹெல்மெட் பைக் கண்ணாடியில் தொங்கியது. பின்னால் மனைவி தமிழ்ச்செல்வி. வீடு இருக்கும் விளாங்குடிக்குப் போக வேறு வழியும் உண்டு. ஆனாலும் காளவாசல் வழியாகவே விட்டான். மலையாண்டி கடைத் தெருவில் நாலு பேர் பார்க்க வேண்டாமா?

பார்த்தார்கள். போலீஸ்காரரும் பார்த்தார்.

"என்னண்ணே, ஹெல்மெட்ட கண்ணாடிக்கு மாட்டி விட்டுருக்கீங்க?"

"சார், மாமனார் கட்டுன உருமா சார். வழியில அவுக்கக் கூடாது."

"நல்லாத்தேன் இருக்கு. அப்படியே நில்லுங்க" என்று படம் எடுத்துக்கொண்டார்.

(இவரைக் கொஞ்சம் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பாவம், வெயிலில் நின்று தம் வேலையைத்தானே பார்த்தார்.)

4

வீடு சேர்வதற்குள் செல்போனில் செய்தி வந்துவிட்டது. அபராதத்தைக் கட்டலாம், ஆட்சேபம் இருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம். நியாயமாகப் பார்த்தால் கட்டிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். நானும் அப்படி ஒரு முடிவை எழுதினேன். ஆறே வரி. படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது.

அழகுராஜாவுக்கோ கட்டுவதென்றால், அந்த உருமா தலையில் இருந்ததே தப்பு என்று ஒப்புக்கொள்வது மாதிரி. அவனுக்குக் கேஸில் ஜெயிப்பதுகூட முக்கியமில்லை. மாமனார் முதல் கட்டை எனக்குத்தான் கட்டினார் என்று நாலு பேர் நடுவில் சொல்ல வேண்டும். அது மலையாண்டி காதில் விழ வேண்டும். நாளைத் தள்ளித் தள்ளி, பணம் கட்டும் கெடு முடிய ஒரு நாள்தான் இருந்தது.

"மலையாண்டி மச்சான்ட்ட ஒரு வார்த்த கேளுங்களேன். அவருக்கு இதெல்லாம் தெரியும்" என்றாள் தமிழ்ச்செல்வி.

"ஏன், எனக்கு வாயில்லையா? எதுக்கெடுத்தாலும் மச்சான், மச்சான்!"

கத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

5

மலையாண்டி எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நமுட்டுச் சிரிப்புக்காரராக ஒரு முறை எழுதினேன். அழகுராஜாவின் பொறாமைக்கு அது வசதியாக இருந்தது. கிழித்துப் போட்டேன். மலையாண்டி நல்லவராகவே இருந்துவிட்டால்தான் அழகுராஜாவுக்குப் போக்கிடம் இல்லை.

ஆகவே நல்ல மலையாண்டி மறுநாள் காலையில் பழப் பையோடு வந்தார். தமிழ்ச்செல்விதான் போன் செய்திருந்தாள்.

"தம்பி, கோர்ட்டுக்குப் போறதுன்னா போவோம். நானே சாட்சி சொல்ல வாரேன்."

"எதுக்குண்ணே ஒங்களுக்குச் செரமம்?"

"இதுல என்ன செரமம்? மாமா துணிய எடுத்துக்கிட்டு எங்கிட்டத்தேன் மொதல்ல வந்தாரு. நாந்தேன், தம்பிக்குக் கட்டுங்க மாமா, அவருக்கும் ஆச இருக்கும்லன்னு சொல்லி அனுப்புனேன். இம்புட்டையும் வெவரமாச் சொன்னா ஜட்ஜு கேக்க மாட்டாரா?"

காபியைக் குடித்துவிட்டு, தமிழ்ச்செல்வியிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டார். கள்ளமே இல்லை அந்த மனிதரிடம். அழகுராஜா அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவர் தலைக்கு வந்து அவர் தள்ளிவிட்டதையா நான் காளவாசல் முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தேன் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

6

இனி முடிவு. அவன் கோர்ட்டுக்குப் போனால்—

இல்லை, போகாமலே—

இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் மலையாண்டிதான் ஜெயிக்கிறார். எனக்கே அவர்மேல் எரிச்சலாக இருக்கிறது.

"குடுங்க, நானே கட்டிடுறேன்" என்று செல்போனை வாங்கிக்கொண்டாள் தமிழ்ச்செல்வி.

"மொதக் கட்டு அவரு விட்டுக்குடுத்ததுன்னு ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும். அக்கா அங்கனயே சொல்லிருச்சு. ஒங்க மொகத்துல இருந்த சந்தோசத்தப் பாத்துட்டு எப்பிடிங்க சொல்லுவேன்?"

அழகுராஜா கோர்ட்டையும் அபராதத்தையும் மறந்துவிட்டுக் கேட்டான்:

"அப்ப அன்னைக்கு வீட்டுக்கு வந்து என் உருமாவ அவுக்கும்போது சிரிச்சியே. அது என்ன சிரிப்பு?"

அவளுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. பெருமையில் சிரித்தாள் என்றால் அவன் அபராதத்தை இப்போதே கட்டிவிடுவான். பரிதாபத்தில் என்றால், மலையாண்டி சாட்சிக்கு வந்தாலும் வராவிட்டாலும், கோர்ட்டில் ஏறாமல் விடமாட்டான். நான் ஓர் ஆண். எந்தப் பதிலை எழுதினாலும் அது அழகுராஜாவுக்குப் பயந்து எழுதியதாகிவிடும். அவளுக்காக நீங்கள் சொல்லுங்கள்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.